கல்யாணப் பந்தலுக்குப் பின் முளைத்த புல்

வாசகர் கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு குளுகோரில் மூலை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். வீட்டின் பக்கவாட்டில் முப்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள புல்தரை இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கௌ கிராஸ் பதித்தோம், நன்றாகவே இருந்தது. சென்ற ஆண்டு நவம்பரில் மகள் திருமணத்துக்காக அங்கே பந்தல் போட்டோம். அதற்குப் பிறகு தரையோடு தட்டையாகப் படர்ந்த ஒரு முரட்டுப் புல் கிளம்பிவிட்டது. பிடித்து இழுத்தால் இலைதான் கையோடு வருகிறது. அக்கம்பக்கத்தார் அதைக் கோரை என்கிறார்கள். கதிர் விரல் விரலாக இருப்பதைப் பார்த்து என் மாமியார் அருகம்புல் என்று சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாருக்குப் பறித்து வைக்கிறார். ஹார்டுவேர் கடையில் சிறு புட்டியில் ஊற்றிக் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தோம். பத்து நாளில் சுற்றியிருந்த நல்ல புல் மஞ்சளாகிச் செத்தது; இந்தப் புல்லோ இரண்டாவது முறைக்குப் பிறகும் பச்சையாகவே நிற்கிறது. மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதுப் புல் பதிக்கலாமா? வீட்டில் மூன்று வயதுப் பேரனும் ஒரு பூனையும் இருக்கிறார்கள். (குளுகோர் வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் கடிதத்தோடு செய்தித்தாளில் மடித்து அனுப்பிய செடியைப் பிரித்துப் பார்த்தேன். வேரும் கதிருமாக முழுச் செடியை அனுப்பியிருந்ததால் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்ல முடிகிறது. இது கோரையும் அன்று, அருகம்புல்லும் அன்று. மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்று அழைக்கும் புல் இது. தாவரவியலார் வைத்த பெயர் எலூசின் இண்டிகா. நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகுக்கு நெருங்கிய பங்காளி. கேழ்வரகின் தாவரப் பெயரும் எலூசின் என்றுதான் தொடங்குகிறது. உங்கள் கையிலுள்ள கதிரைக் கேழ்வரகுக் கதிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பருத்து உள்நோக்கி மடங்கிய விரல்கள் இங்கே மெலிந்து நீண்டு விரிந்திருக்கும். குடும்பச் சாயல் மட்டும் மாறியிருக்காது. காட்டுக் கேழ்வரகு என்று அழைத்தாலும் பொருந்தும்.

பெயரை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோரைக்குச் செய்யும் வைத்தியம் இதற்கு உதவாது, இதற்குச் செய்யும் வைத்தியம் அருகம்புல்லுக்கு உதவாது. அடையாளம் தவறிப்போன இடத்தில்தான் பெரும்பாலோர் காசையும் நல்ல புல்லையும் சேர்த்து இழக்கிறார்கள். ஆகவே மூன்றையும் பிரித்தறியும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோரையைக் கண்டுபிடிக்கக் கண் தேவையில்லை, விரல் போதும். பூத்தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் மூன்று முனைகள் தட்டுப்படும். மண்ணுக்கடியில் கறுத்த சிறு கிழங்குகள் நூல் போன்ற தண்டுகளால் கோக்கப்பட்டுக் கிடக்கும். கோரையைப் பிடுங்கினால் அறுந்து நின்ற கிழங்குகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாகக் கிளம்பும். நீங்கள் அனுப்பிய செடியில் கிழங்கு எதுவும் இல்லை. ஒரே இடத்திலிருந்து கொத்தாக இறங்கிய வெண்ணிற நார்வேர்கள் மட்டுமே இருக்கின்றன.

அருகம்புல்லோடு குழம்புவது இயல்பு. உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் கதிர் விரல் விரலாகத்தான் பிரியும். ஆனால் அருகம்புல் ஓடும் புல். தரைமேலும் தரைக்கடியிலும் தண்டு ஓட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, பாய் விரித்ததுபோல் பரவும். அதன் கதிரின் விரல்கள் நூல்போல் மெல்லியவை. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து பிரியும். சம்பாவ் புல் ஓடாது, தூர் கட்டும். ஒரு மையத்திலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் தண்டுகள் நாலாபுறமும் தரையோடு படிந்து கிடக்கும். அடித்தண்டு இருபுறமும் அமுக்கியதுபோல் தட்டையாக, வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும். கதிரின் விரல்கள் தடித்தவை; பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு வரை இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் சற்றுக் கீழே தனியாகக் கிளம்பியிருப்பதைப் பல கதிர்களில் காணலாம். என் அனுபவத்தில் தோட்டக்காரர்களுக்கு மனத்தில் நிற்கும் அடையாளம் இந்தத் தள்ளி நிற்கும் விரல்தான்.

ஓர் எச்சரிக்கை. தண்டு தட்டையாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் பதித்த கௌ கிராஸின் தண்டும் தட்டையானதுதான். ஆனால் அதன் இலை அகலமானது, நுனி மழுங்கியது. தண்டு தரையோடு ஓடிக் கணுக்களில் வேர்விடும். தூரிலிருந்து வெளுத்த அடித்தண்டுகள் சக்கரமாக விரிவதில்லை. களை பிடுங்கக் கூலிக்கு ஆள் வைத்தால், நல்ல புல்லையும் களைப் புல்லையும் ஒருமுறை அருகருகே வைத்துக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இனி, இது ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பினாங்குத் தீவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல மழைக்காலம். ஊறிக் கிடந்த தரையில் பந்தல் சாமான் ஏற்றிய லாரி நின்றிருக்கும், கால்கள் நட்டிருப்பார்கள், நாற்காலிகள் போட்டிருப்பார்கள், சில நூறு பேர் நடந்திருப்பார்கள். காய்ந்த மண்ணைவிட ஈர மண் அழுத்தத்துக்கு எளிதில் இறுகும். அப்படி இறுகிய மண்ணில் காற்று நுழையும் சந்துகள் அடைபட்டுவிடும். கௌ கிராஸின் வேர் மூச்சுத்திணறி மேலோட்டமாகிவிடும். அடுத்து வந்த ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அது இளைத்து இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளியில் வெயில் மண்ணைத் தொட்டவுடன் சம்பாவ் விதை முளைத்திருக்கும். பிற புற்கள் தாங்காத இறுக்கத்தையும் மிதியையும் இந்தப் புல் தாங்கும். தைப்பூசம் முடிந்த வாரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் போனால் சாலையோரத்தைக் கவனியுங்கள். கூட்டம் மிதித்த இடத்தில் மற்ற புல் தேய்ந்து மண் தெரியும். இது மட்டும் படுத்துக் கிடந்துவிட்டு ஒரு மழைக்கு நிமிர்ந்துகொள்ளும்.

எனவே உங்கள் புல்தரையில் நோய் என்பது இறுகிய மண். சம்பாவ் அதன் அறிகுறி. இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மழை பெய்து ஒரு நாள் கழித்து, நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, களை அடர்ந்த இடத்தில் ஒருமுறையும் கௌ கிராஸ் செழித்த இடத்தில் ஒருமுறையும் கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல இடத்தில் நாலைந்து அங்குலம் சிரமமில்லாமல் இறங்கும். களை உள்ள இடத்தில் ஓர் அங்குலத்திலேயே முட்டி நிற்குமானால், நான் மேலே சொன்னதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடைக்காரர் எந்த மருந்தைக் கொடுத்தார் என்பது புட்டியில் எழுதியிருக்கவில்லை. ஆனால் நல்ல புல் பத்து நாளில் மெல்ல மஞ்சளாகிச் செத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால், அது கிளைபோசேட் வகையாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தொட்ட இடத்தைக் கருக்கும் மருந்தாயின் ஓரிரு நாளிலேயே இலை வெந்ததுபோல் ஆகியிருக்கும். கிளைபோசேட்டுக்கு நல்ல புல், கெட்ட புல் என்ற பேதம் கிடையாது. பச்சையாக இருப்பதன்மேல் பட்டால் உள்ளே இறங்கி வேர்வரை போகும். உங்கள் கௌ கிராஸ் செத்ததில் வியப்பில்லை. சம்பாவ் ஏன் சாகவில்லை என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு உலகளவில் ஒரு பெயர் இருக்கிறது. பெருமைப்படத்தக்க பெயர் அன்று. கிளைபோசேட்டுக்கு அடங்காத சம்பாவ் புல் 1997இல் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் பகுதியில் கண்டறியப்பட்டது. அந்த மருந்து தாக்க வேண்டிய நொதியில் 106ஆம் இடத்திலிருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலம் செரினாக மாறியிருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். பூட்டின் ஒரு பல் மாறிவிட்டால் சாவி நுழையாது என்பதுபோல், இந்த ஒரு மாற்றத்தால் மருந்தின் பிடி தளர்ந்துபோனது. பிற்பாடு, அதே நொதியில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து, கிளைபோசேட்டை மிக அதிக அளவில் தாங்கக்கூடிய செடிகளும் மலேசியாவிலேயே காணப்பட்டன. கிளைபோசேட் கேட்கவில்லை என்றவுடன் பலரும் தாவிய குளூபோசினேட் என்ற மருந்துக்கும் 2009இல் இங்கே எதிர்ப்பு பதிவானது. உலகில் எந்தக் களையிலும் அதற்குமுன் அந்த எதிர்ப்பு பதிவாகியிருக்கவில்லை. கிளைபோசேட், குளூபோசினேட், தொட்ட இடத்தைக் கருக்கும் பாராகுவாட், புல்வகைகளைக் கொல்லவென்றே செய்யப்பட்ட மருந்துகள் என்று நான்கு வகைக்கும் ஒருசேர அசைந்துகொடுக்காத செடிக்கூட்டத்தைக்கூட நம் நாட்டு மண் கண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் புல் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான் என்று ஒரு செடியைப் பார்த்து நான் சாதிக்க முடியாது. முற்றிய தூரில் அடித்திருந்தாலும், அடித்த சிறிது நேரத்தில் மழை பெய்திருந்தாலும், புழுதி படிந்த இலையில் அடித்திருந்தாலும் மருந்து தோற்கும். ஆனால் இரண்டு முறை அடித்த பின்னும் பக்கத்துப் புல் செத்து இது பச்சையாக நிற்கிறதென்றால், மூன்றாவது முறை அதே மருந்தை அடிப்பது அறிவுடைமை ஆகாது. தாங்கிய செடிகள் மட்டும் மிஞ்சி விதை போடும். செத்த கௌ கிராஸின் இடமெல்லாம் அந்த விதைகளுக்குத் திறந்த வீடாகும். நீங்கள் அறியாமலே களைக்குப் பாத்தி கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும், மன்னிக்கவும்.

அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி போன்ற மருந்துகள் இதைத் தொடா, ஏனெனில் இது புல். புல்லை மட்டும் கொல்லும் மருந்து கௌ கிராஸையும் கொல்லும், ஏனெனில் அதுவும் புல். முளைக்குமுன் தடுக்கும் மருந்துகள் கோல்ஃப் மைதானங்களில் பயன்படுகின்றன. அவை விதை முளைப்பதைத் தடுப்பதோடு, கௌ கிராஸின் ஓடுதண்டு புதிதாக வேரூன்றுவதையும் தடுக்கக்கூடும். சிதைந்த தரையை மூடச்செய்ய முனையும் நேரத்தில் அது வேண்டாத வேலை. அறுநூறு சதுர அடியில், பேரன் தவழ்ந்தும் ஓடியும் விளையாடும் இடத்தில், என் பரிந்துரை மருந்தே வேண்டாம் என்பதுதான். உப்பும் வினிகரும் கலந்து ஊற்றச் சொல்பவர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். உப்பு மண்ணில் தங்கிவிட்டால் எந்தப் புல்லும் அங்கே எளிதில் தலையெடுக்காது. சிமெண்டுத் தரையின் வெடிப்பில் முளைத்த இளஞ்செடிமேல் கொதிநீர் ஊற்றுவது மட்டும் பயன்படும். அதையும் பேரன் உறங்கும் நேரத்தில் செய்யுங்கள்.

அந்தப் புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு எண்ணும் உரிய விவரச்சீட்டும் கொண்ட மூலப் புட்டியில்தான் இத்தகைய மருந்துகள் விற்கப்பட வேண்டும். ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள். தாகத்துக்குக் குடிக்கும் புட்டியில் மருந்தை வைத்து நேர்ந்த சாவுகளைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை பார்த்தவர். முதுகில் தகரத் தொட்டி, காலில் செருப்புகூட இல்லாமல். நகங்கள் கறுத்து உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பாராகுவாட்டை இந்நாடு 2002இல் விலக்கத் தொடங்கி, 2006இல் மீண்டும் அனுமதித்து, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடைசெய்தது. பழைய புட்டி எங்காவது கொட்டகையில் கிடந்தால் கால்வாயில் கொட்டாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, விவசாய இலாகாவைக் கேட்டு அவர்கள் சொல்லும் முறையில் அப்புறப்படுத்துங்கள்.

சரி, கையால் எப்படி எடுப்பது? இழுத்தால் இலைதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இழுக்கக் கூடாது, அறுக்க வேண்டும். அருகம்புல்லைப் போலவோ கோரையைப் போலவோ இதற்கு மண்ணுக்கடியில் ஓடும் தண்டோ கிழங்கோ இல்லை. தூரின் மையத்தில், மண் மட்டத்தில் இருக்கும் அந்த வெளுத்த குருத்துக்கட்டுதான் இதன் உயிர். பழைய சமையலறைக் கத்தியைச் சாய்வாகச் செருகி, அந்தக் கட்டுக்கு ஓர் அங்குலம் கீழே வேரை அறுத்துச் சுற்றி நெம்பினால் தூர் முழுதாகக் கழன்று வரும். மண்ணில் மிஞ்சிய வேர் மறுபடி துளிர்க்காது. மழை பெய்த மறுநாள் காலையோ, முந்தின மாலை நன்றாக நீர் விட்டோ இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். கட்டின் ஒரு பகுதி உள்ளே நின்றுவிட்டால் அது மீண்டும் தழைக்கும். ஆகையால் அவசரப்பட்டு நூறு தூர் எடுப்பதைவிட நிதானமாக முப்பது தூர் எடுப்பது மேல்.

எடுத்ததை அங்கேயே போட்டுவிடாதீர்கள். ஈரத் தரையில் கிடந்தால் திரும்ப வேர்விடும். கதிர் வைத்த செடியானால் கதிரை முதலில் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிய பிறகு தூரில் கை வையுங்கள். ஒரு வளமான செடி 50,000 விதைகள்வரை உதிர்க்கக்கூடியது. மட்கு உரக் குழியில் போட்டால் அடுத்த ஆண்டு அந்த உரத்தோடு அவை பூச்செடிக்கும் போய்ச் சேரும். முளைத்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் இது கதிர் தள்ளிவிடுவதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தியோடு ஒரு சுற்று வருவதை வழக்கமாக்கிக்கொண்டால் புதிய விதை விழாது. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதை முதல் ஆண்டு உங்களைச் சோர்வடையச் செய்யும். அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைவதைக் கண்ணாலேயே காண்பீர்கள்.

புல் வெட்ட வருபவரிடம் பேச வேண்டியதும் உண்டு. கயிறு சுழலும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் தம்பிகள், அடுத்த முறை வரத் தாமதமானாலும் வீட்டுக்காரர் குறை சொல்லக்கூடாதே என்று மண் தெரிய மழித்துவிடுவார்கள். கௌ கிராஸ் இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். மழித்தால் அதன் பச்சையெல்லாம் போய் வேர் குறுகும், வெயில் மண்ணில் விழும். தரையோடு படுத்திருக்கும் சம்பாவோ இயந்திரத்துக்கு அகப்படாமல் தப்பித்து, அந்தத் தாழ்ந்த உயரத்திலேயே படுக்கையாகக் கதிரும் வைத்துவிடும். இன்னொன்று: அவர் ஒரே நாளில் தாமான் (குடியிருப்பு) முழுக்க வெட்டுகிறவர். இயந்திரத்தின் காப்புத் தகட்டில் ஒட்டிய ஈரப்புல்லோடு பத்து வீட்டு விதையும் உங்கள் வீட்டில் இறங்கும். தொடங்குமுன் வாசலுக்கு வெளியிலேயே குழாய் நீரால் கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள். கூடுதலாக ஐந்து வெள்ளி கொடுக்க நேர்ந்தாலும் அது மருந்துச் செலவைவிடக் குறைவு.

மண்ணைத் தளர்த்தும் வேலைதான் முதுகை வளைக்கும். உங்கள் தரையை மனத்தில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கௌ கிராஸ் பெரும்பாலும் மூடி, இடையிடையே களை தெரியும் பகுதி ஒன்று. அங்கே களைகளை எடுத்த பின், நான்கு பல் கொண்ட தோட்ட முள்கரண்டியைச் செங்குத்தாக நாலு அங்குலம் இறக்கி, லேசாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்து, மூன்று நான்கு அங்குலம் தள்ளி மறுபடி இறக்கிக்கொண்டே வாருங்கள். பிறகு ஆற்று மணலும் நன்கு மட்கிய உரமும் கலந்து, புல்லின் நுனி மறையாத அளவுக்கு, அரை அங்குலத்துக்கு மிகாமல் தூவி, துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பு இருக்கும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் நாளைக்கு நூறு சதுர அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடியும்.

இரண்டாவதாக, லாரிச் சக்கரமும் பந்தலும் இருந்த பகுதியில், பாதிக்கு மேல் களையாகவும் மருந்தில் செத்த வெற்றிடமாகவும் இருக்குமானால், அங்கே துளையிடுவது போதாது. மண்வெட்டியால் மேல் இரண்டு அங்குலத்தைக் களையோடு சுரண்டி அகற்றுங்கள். விதைகளில் பெரும்பகுதி அந்த மேல் மண்ணில்தான் கிடக்கிறது. அடியிலுள்ளதை அரை அடி ஆழம் கொத்திப் பொலபொலப்பாக்கி, மட்கு உரம் கலந்து சமப்படுத்துங்கள். உடனே புல் நடாதீர்கள். நீர் தெளித்து இரண்டு வாரம் சும்மா விட்டால், மேலுக்கு வந்த களை விதைகள் பச்சைப்பொடி தூவியதுபோல் முளைக்கும். அந்தப் பிஞ்சுகளை, மண்ணை ஆழமாகக் கிளறாமல், மேலாகச் செதுக்கி வெயிலில் காயவிட்டு அழித்த பிறகே கௌ கிராஸ் நட வேண்டும். நம் ஊர் உழவர்கள் விதைப்புக்கு முன் ஒருமுறை களையை முளைக்கவிட்டு உழுதார்களே, அதே தந்திரந்தான் இது. பொறுமையில்லாதவர்கள் இந்த இரண்டு வாரத்தைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

நாற்றங்காலிலிருந்து முழுப் பாயாக வாங்கினாலும் சரி, உங்கள் தரையில் செழித்த மூலையிலிருந்தே வேரோடு கொத்துக் கொத்தாகப் பெயர்த்து அரை அடி இடைவெளியில் நட்டாலும் சரி, பலன் ஒன்றுதான். பின்னதில் செலவில்லை, மூடச் சில வாரங்கள் கூடுதலாக ஆகும். வாங்குவதானால் பாயைப் புரட்டி, வெளுத்த தூர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது மழை தொடங்கும் பருவம். ஜனவரி வறட்சிக்குள் வேர் பிடிக்கப் போதிய காலம் இருக்கிறது. நட்ட பகுதியில் முதல் மூன்று வாரம் மண் காயாமல் பார்த்துக்கொண்டு, வேர் பிடித்த பின் தினமும் தெளிப்பதை நிறுத்தி, வாரத்தில் இரண்டு நாள் ஆழமாக நனையும்படி விடுங்கள். அன்றாடம் மேலோட்டமாகத் தெளித்தால் மேல் மண் எப்போதும் ஈரமாக இருந்து களை விதைக்கே அது தோதாகும். புல் ஓடத் தொடங்கியதும் 15-15-15 கலப்பு உரத்தைச் சதுர மீட்டருக்கு 20 கிராம் வீதம், அதாவது உங்கள் தரை முழுவதற்கும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக, புல் காய்ந்திருக்கும் நேரத்தில் தூவி உடனே நீர் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

மூன்றாவது பகுதி, நீங்கள் எழுதாவிட்டாலும் இருக்கும் என்று நான் நம்பும் பகுதி: வாசலிலிருந்து துணி காயப்போடும் கொடிக்கோ குழாயடிக்கோ போகிற நடைபாதை. அன்றாடம் மிதிபடும் அந்தத் தடத்தில் எந்தப் புல்லையும் வைத்துப் போராட வேண்டாம். ஓர் எட்டுக்கு ஒன்றாகக் கல் பதித்துவிடுங்கள். மிதியெல்லாம் கல்மேல் விழுந்தால் இடையிலுள்ள கௌ கிராஸ் தானே மூடிக்கொள்ளும்.

மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதற்குள் விடை கிடைத்திருக்கும். என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் நானே அந்தப் பிழையைச் செய்தேன். மாணவர்கள் கூடும் இடத்தில் மண்ணைக் கொத்தாமல், மேலே மெல்லிய மணல் பரப்பி, அழகான புதுப் பாயை விரித்துவிட்டு வந்தேன். திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்டினார்கள். எட்டு மாதம் கழித்துப் போனபோது கொடிக்கம்பத்தைச் சுற்றிலும் சம்பாவ்தான் நின்றது. நேர்த்தியான ஜப்பான் புல்லுக்கோ பிலிப்பீன்ஸ் புல்லுக்கோ மாறிவிட்டால் தொல்லை தீரும் என்று ஒப்பந்தக்காரர் யாரேனும் ஆசை காட்டினால் அதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அவற்றுக்கு வெயில் அதிகம் வேண்டும், பராமரிப்பும் கூடுதல். மதில் நிழல் விழும் மூலை வீட்டுக்குக் கௌ கிராஸே ஏற்றது.

கடைசியாக உங்கள் மாமியாருக்கு. இதுவரை வைத்த புல்லைப் பற்றி அவர் மனம் வருந்த வேண்டாம். பிள்ளையார் தாவரவியல் பார்க்கிறவர் அல்லர் என்பது என் நம்பிக்கை. ஆனால் மருந்து பட்ட தரையிலிருந்து பறித்த எந்தப் புல்லையும், மெய்யான அருகம்புல்லாகவே இருந்தாலும், அரைத்துச் சாறு குடிக்க வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பூசைக்கும் சாற்றுக்குமாக, நம்பகமான இடத்திலிருந்து கணுவோடு நாலைந்து துண்டு அருகம்புல் வாங்கி, வாய் அகன்ற தொட்டி ஒன்றில் நட்டு வெயிலில் வையுங்கள்; ஒரு மாதத்தில் கிள்ளத் தொடங்கலாம். தொட்டியைப் புல்தரைமேல் வைக்காமல் சிமெண்டுத் திண்ணைமேல் வையுங்கள். அடித்துளை வழியாக இறங்கித் தரையில் ஓடத் தொடங்கிவிட்டால், அதைக் கௌ கிராஸிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி என்று கேட்டு அடுத்த கடிதம் எழுத வேண்டியிருக்கும்.